லாடமூக்கு

தபாலில் வந்தது, தீப்பெட்டி அளவில்.
வௌவால் பேசுவதைக் கேட்கும் கருவி.
லுப்லியானாவின் கணக்கெடுப்பு அலுவலகம்
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது.

எங்கள் தேவாலயப் பரணில் எழுபது எண்பது இருக்கும்,
மூக்கில் குதிரைலாடம் வைத்த சின்ன ஜாதி.
சிறகைப் போர்த்தித் தொங்கும்போது
காய்ந்த பிளம் பழங்கள்.
நான் சாவி வைத்திருப்பவள், மணி அடிப்பவள்,
ஜூனில் மூன்று இரவு இவற்றை எண்ணித் தருபவள்.
போன வருடம் வரை கண்ணால் எண்ணினேன்.
இந்த வருடம் காதால் எண்ண வேண்டுமாம்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரித்து
என் போனின் அடிவாயில் செருகினேன்.
நுழையவில்லை.
இத்ரியா வரை பஸ்ஸில் போய்
மூன்று யூரோவுக்கு ஒரு மாற்றுமுனை வாங்கி வந்தேன்.
நுழைந்தது. விளக்குகூட எரிந்தது.
திரை சொன்னது:
இந்தச் சாதனம் ஆதரிக்கப்படவில்லை.

எந்தச் சாதனம்? அதுவா, நானா?

பெட்டியின் அடியில், விலைப்பட்டைக்கும் கீழே
எறும்பு நடந்த எழுத்தில் இருந்தது,
அந்த ஒரு கம்பெனிப் போனுக்கு மட்டும் என்று.
அலுவலகத்தை அழைத்தேன்.
குளிர்ந்த மரியாதையோடு ஒரு பெண்,
"பெரும்பாலானோரிடம் அதுதானே இருக்கிறது?"
பெரும்பாலானோர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.
என் போனுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.
இங்கே பூசாரி
ஒரு துளையின் வடிவத்தில் இருக்கிறார்.

எங்கள் தெருவில் அந்தப் போன்கள் இரண்டு.
ஒன்று பாதிரியாருடையது. அவர் லூர்துக்குப் போயிருக்கிறார்,
போனும் போயிருக்கிறது.
மற்றது சிரிலுடையது.
சிரில் எனக்கு ஒன்பது வருடம் கணவனாக இருந்தவன்.

"கொடு, காலையில் தந்துவிடுகிறேன்" என்றேன்.
"என் முகத்தைப் பார்த்தால்தான் அது திறக்கும்" என்றான்.
ஆக முகமும் வந்தது,
ஏணியில் மூச்சு வாங்கிக்கொண்டு,
நான் பார்த்திராத சட்டையோடு.

உடைந்த ஒரு வானதூதனின் முதுகில்
அவன் உட்கார்ந்தான். நான் மணிக்கயிற்றின் பக்கம்.
ஒன்பதேகாலுக்கு முதல் வௌவால் விழுந்தது,
விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்,
அவன் உள்ளங்கையில் திரை நீலமாகி
ஈரக் கண்ணாடியை விரலால் தேய்க்கும் சத்தம்,
அப்புறம் குமிழ் குமிழாக,
தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குஞ்சு கூவுவது போல.

ஒன்பது வருடத்தில் இவன் சொன்ன எதுவும்
எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.
அவனைக் கேட்டால் அவனும் இதையே சொல்வான்.

இருபத்தாறாவது வௌவாலின் மேல்
யெர்னேயா வந்தாள்:
"பால் மறக்காதே. எங்கே இருக்கிறாய்?"
அலைக்கோட்டின் உச்சியை அந்தப் பட்டை மறைத்தது.
விரலால் மேலே தள்ளினான்.
முப்பத்தொன்றில் மறுபடி வந்தாள்,
கேள்விக்குறி மட்டும்.
"தள்ளாதே, பதில் எழுது" என்றேன்.
அவன் எழுதிக்கொண்டிருக்கையில்
எத்தனை போயின, தெரியாது.

நாற்பத்து நான்கில் பேட்டரி செத்தது.
என் பையில் சார்ஜர் இருந்தது.
என் போனுடைய சார்ஜர்.
இருவரும் அதையே பார்த்தோம்.
அவன்தான் முதலில் சிரித்தான்.

பெட்ரோல் பங்கில் பால் கிடைக்கும் என்று இறங்கிப் போனான்.
நான் இருந்தேன்.
பழையபடி கண்ணால்,
ஜன்னல் வெளுப்பில் ஒரு கறுப்புச் சொடுக்கு, இன்னொன்று,
கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று.
சத்தமே இல்லை.
இருக்கிறது, எனக்கு இல்லை.

படிவத்தில் எழுபத்தொன்று என்று போட்டேன், ஏறத்தாழ.
கருவி என்ற கட்டத்தில்
எந்த போன் என்று கேட்டிருந்தார்கள்.
சிரில் என்று எழுதி, அடித்து,
இரவல் என்று எழுதினேன்.

இன்னும் இரண்டு இரவு இருக்கிறது.